சூ மார் தோற்ற பந்தயம்

பாங்காக்கில் வெளிநாட்டுக்காரர்களைக் கண்டால் ஊரே பல்லைக் காட்டும். முதுகில் மூட்டையோடு நடுத்தெருவில் நின்று திருதிருவென்று விழிப்பார்களே, அந்த வெள்ளைக்காரர்களைச் சொல்கிறேன். அவர்கள் வழி தவறினால் நான்கு பேர் ஓடி வருவார்கள். பர்மாவிலிருந்து வந்து இந்த ஊரின் பாத்திரத்தைத் தேய்த்து, பிள்ளையைத் தூக்கி, செங்கல் சுமக்கிறவர்களும் வெளிநாட்டுக்காரர்கள்தான். அவர்கள் வழி தவறினால் முதலில் வருகிற கேள்வி, அட்டை எங்கே என்பதுதான்.

பர்மாவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த சூ மாருக்கு வேலை அனுமதி அட்டை இருந்தது. படம் ஒட்டி, முத்திரை குத்தி, முறைப்படி வாங்கியது. ஆனால் அது முதலாளியம்மா ரட்சனீயின் அலமாரியில் கிடந்தது. தொலைத்துவிடுவாய் என்று சொல்லி வாங்கிப் பூட்டியவள் பூட்டியவள்தான். அட்டை இல்லாமல் வெளியே மாட்டிக்கொண்டால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். ஆகவே முதலாளியம்மா காரில் கூட்டிப்போனால் தவிர, சமையல்கட்டு, பக்கத்துச் சந்தை, மறுபடி சமையல்கட்டு. வந்து வருஷக்கணக்காகியும் அவளுடைய பாங்காக் இவ்வளவுதான்.

சந்தைக்குக் கூட்டிப்போவது ப்ரசித். ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு சந்து முனையில் மோட்டார் சைக்கிளோடு சவாரிக்கு நிற்கிறவன். வாயைத் திறந்தால் பர்மாக்காரி என்று தெரிந்துவிடும் என முதலாளியம்மா பயமுறுத்தி வைத்திருந்ததால், சூ மார் அவனிடம் கையைக் காட்டுவதோடு சரி. அவன் இவளை ஊமை என்றே முடிவுகட்டிவிட்டான். "பாத்துக் கூட்டிட்டுப் போங்கடா, பேச முடியாத பொண்ணு" என்று மற்ற ஓட்டிகளிடம் சிபாரிசு வேறு.

ஒருநாள் காலை சூ மார் கேட்டே விட்டாள். "என் அட்டைய என்கிட்ட குடுங்கம்மா. லீவு நாள்ல நானும் நாலு இடம் போகணும்."

"நீயா? தனியாவா? இந்த ஊர்லயா?" முதலாளியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சரி, பந்தயம் வச்சுக்கலாம். கால்வாய்ப் படகுல போய், பொன்மலைக் கோயில் பக்கத்துக் கடையில முட்டைநூல் இனிப்பு வாங்கிட்டு வா. லுங்கி கூடாது. கன்னத்துல மஞ்சளா ஒண்ணு அப்பிக்குவீங்களே, அதுவும் கூடாது. நீ பர்மாக்காரின்னு ஒருத்தருக்கும் தெரியாம போயிட்டு வந்தேன்னா அட்டைய எடுத்துக்கோ."

"வழியில யாராச்சும் அட்டைய கேட்டா?"

"அதுக்குத்தானே தெரியாம போகச் சொல்றேன்."

எப்படி இருக்கிறது நியாயம்!

கால்வாய்ப் படகு துறையில் நிற்கும் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். உரசிவிட்டுக் கிளம்பிவிடும். அதற்குள் கயிற்றைப் பிடித்துத் தாவ வேண்டும். தலைக்கவசம் போட்ட நடத்துநர் படகின் விளிம்பில் நடந்தபடியே ஏறு, இறங்கு என்று கத்துவார். எதிர்ப்படகு வந்தால் ஓரத்தில் இருக்கிறவர்கள் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையைத் தூக்க வேண்டும். தூங்கினால் எல்லாருக்கும் சாக்கடைத் தண்ணீரில் அபிஷேகம்.

ஜீன்ஸும் முகக்கவசமுமாக சூ மார் தாவி ஏறினாள். ஏறிய வேகத்தில் கை தானாக இடுப்புக்குப் போனது. லுங்கி கட்டிப் பழகிய கை. எழுந்தாலும் குதித்தாலும் முடிச்சைத் தளர்த்தி, மறுபடி இறுக்கிச் செருகிக்கொண்டுதான் அவள் ஊர்ப் பெண்கள் அடுத்த அடி வைப்பார்கள். ஜீன்ஸில் செருக என்ன இருக்கிறது? கை சும்மா போய்விட்டு வந்தது.

பின் இருக்கையிலிருந்து ஒரு குரல், சுத்தமான பர்மிய மொழியில். "அக்கா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்தத் துறைல இறங்கணும்?"

ஆஸ்பத்திரித் துறை சூ மாருக்குத் தெரியும். முதலாளியம்மாவோடு காரில் எத்தனையோ தடவை அந்தத் துறைக்கு மேலே இருக்கிற பாலத்தைக் கடந்திருக்கிறாள். அவள் திரும்பவில்லை. காது கேளாதவள் போலக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் வீட்டுக்காரர் கட்டட வேலைல சாரத்துலேர்ந்து விழுந்துட்டார் அக்கா. காலு போயிடுச்சுன்றாங்க. எனக்கு இந்த ஊர் பாஷை தெரியாது."

சூ மார் அப்போதும் திரும்பவில்லை. அந்தப் பெண் எழுந்து, மற்றவர்களிடம் கையை ஆட்டி ஆட்டிக் கேட்கத் தொடங்கினாள். படகில் எழுந்து நின்றால் இறங்கப்போகிறாள் என்றுதான் அர்த்தம். அடுத்த துறையில் நடத்துநர் அவள் முழங்கையைப் பிடித்து, "ம், குதி, குதி!" என்று கரையேற்றிவிட்டார். படகு கிளம்பிவிட்டது. கன்னத்தில் 'தனக்கா' என்ற மரப்பட்டையை அரைத்துப் பூசிய மஞ்சள் வட்டங்களோடு, துணி மூட்டையை அணைத்துக்கொண்டு, அவள் மரப்பலகை மேல் நின்று இந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூ மாருக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல ஆத்திரம் வந்தது. சீ, ஒரு அட்டைக்காக ஊமையானதும் போதாதென்று செவிடியும் ஆகிவிட்டேனே! அடுத்த துறையில் யார் சொல்வதற்கும் காத்திராமல் குதித்தாள். எதிர்த்திசைப் படகைப் பிடித்தாள். அந்தப் பெண் அங்கேயேதான் நின்றாள். எங்கே போவாள்?

முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு சூ மார் படகிலிருந்தே பர்மிய மொழியில் கத்தினாள். "ஏ தங்கச்சி! ஏறு, ஏறு! ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் இல்ல... இரு, நானே இறங்கறேன்!"

மொத்தப் படகும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அவள் பெயர் மே தூ. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை சூ மாரின் கையை விடவில்லை. அங்கே தாய்லாந்து மொழியில் பேசி, வார்டைக் கண்டுபிடித்து, டாக்டரை மறித்துக் கேட்டதெல்லாம் சூ மார்தான். கால் போகவில்லை, எலும்பு முறிவு, கட்டுப்போட்டுவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"படகுல இருந்தது நீங்கதானே அக்கா?"

"நான்தான்." சூ மார் தலைகுனிந்தாள். "எப்படி நம்ம ஆளுன்னு கண்டுபிடிச்சே?"

"ஏறினதும் உங்க கை இடுப்புக்குப் போச்சே!" மே தூவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "பேன்ட்டுல என்னத்த தேடறாங்கன்னு பாத்தேன்."

இருவரும் சிரித்ததில் ஒரு நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள். அப்புறம் மே தூவின் மூட்டையிலிருந்து ஒரு பூப்போட்ட லுங்கி வெளியே வந்தது. தனக்காச் சிமிழும் வந்தது. சூ மார் ஜீன்ஸின் மேலேயே லுங்கியைச் சுற்றிக் கட்டினாள். இரண்டு கன்னத்திலும் பெரிதாக, தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி பூசிக்கொண்டாள்.

மே தூவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பும் படகில் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து கயிற்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். எதிர்ப்படகு வந்தபோது, "அண்ணே, தூங்கறீங்களா? இழுங்க!" என்று முன்னால் இருந்தவரையும் அதட்டினாள். அவர் பதறிப்போய் இழுத்தார்.

துறையில் ப்ரசித் நின்றிருந்தான். சூ மார் ஒருபக்கமாகக் கால்போட்டு அவன் பின்னால் ஏறிக்கொண்டாள். "வீட்டுக்கு விடுங்கண்ணே. பெரிய ரோடு வேணாம், கோயில் சந்துல திருப்புங்க."

வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. "அடிப்பாவி! நீ பேசுவியா?"

"நல்லாவே பேசுவேன். ஓட்டுங்க."

வாசலில் முதலாளியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "இனிப்பு எங்கே?"

"வாங்கல."

"இதென்ன மூஞ்சி? எல்லாரும் பாத்தாங்களா?"

"எல்லாருந்தான் பாத்தாங்க."

"அப்ப பந்தயத்துல தோத்துட்டே."

"தோத்துட்டேன்மா. அட்டைய குடுங்க."

"தோத்தவளுக்கு எதுக்குடி அட்டை?"

"அதுல ஒட்டியிருக்கற மூஞ்சி என்னோடது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு சோறு கொண்டுபோகணும். இனிமே லீவு நாள்ல நான் இப்படியேதான் போவேன். இப்பவே குடுங்க, இல்ல இங்கயேதான் நிப்பேன்."

முதலாளியம்மா ப்ரசித்தை முறைத்தாள். "உனக்கென்ன வேடிக்கை? கெளம்பு."

"தங்கச்சிய ஏத்திட்டு வந்தவன் நான். அது உள்ள போற வரைக்கும் நிக்கறேம்மா" என்று அவன் வண்டியின் இன்ஜினை அணைத்தான்.

சவாரியில் சூ மாரின் லுங்கி நெகிழ்ந்திருந்தது. கை இடுப்புக்குப் போனது. தெருவே பார்க்க நிதானமாக முடிச்சைத் தளர்த்தி, இறுக்கிச் செருகினாள். பிறகு அதே கையை முதலாளியம்மாவின் முன் நீட்டினாள். முதலாளியம்மா உள்ளே போய் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்கும்வரை அந்தக் கை கீழே இறங்கவில்லை.