பக்கத்து வகுப்பில் சிரிப்புச் சத்தம்

வாத்தியார்களைத் தயார் செய்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: நாம் பயிற்சி கொடுத்தவர் நன்றாகப் பாடம் நடத்தினால் 'எல்லாம் நம்ம கைவரிசை' என்று பெருமை அடித்துக்கொள்ளலாம், ஆனால் பக்கத்து அறை லெக்சரரிடம் பயிற்சி பெற்றவர் நன்றாக நடத்தினால் வயிறு எரிவதைத் தவிர வேறு வழியில்லை. இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், என் பக்கத்து அறையில் தேவராஜன் இருந்தார் என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

ஐம்பதுகளில், பட்டம் வாங்கிய இளைஞர்களை ஒரே வருஷத்தில் ஆசிரியர்களாக்கி அனுப்பும் பி.டி. வகுப்பில் நாங்கள் இருவரும் லெக்சரர்கள். ஒரே நாளில் சேர்ந்தோம், இருவருமே தற்காலிகம். நிரந்தரமாகப் போவதோ ஒரே ஓர் இடம். தை மாசம் பிறந்ததும் எங்கள் மாணவர்களைப் பயிற்சிப் பாடம் நடத்தக் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் அழைத்துப் போவது வழக்கம். அந்த வருஷ முகாம் முடிந்ததும் யாருக்கு இடம் என்று சொல்லிவிடுவதாகப் பிரின்ஸிபால் அறிவித்திருந்தார். எனக்கோ கல்யாணம் பேசி முடித்திருந்தது. வேலை நிரந்தரமானால்தான் பத்திரிகை அடிப்பது என்று பெண்ணின் அப்பா ஒரே பிடியாக நின்றார். தேவராஜன்மேல் எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் என்று இப்போது புரிந்திருக்கும்.

பழகிய வகுப்பு

எங்கள் முறைப்படி பாடத்தின் பெயரை ஆசிரியர் தன் வாயால் சொல்லக் கூடாது. கேள்வி மேல் கேள்வி கேட்டு, பிள்ளைகள் வாயிலிருந்தே அதை வரவழைத்து, அப்புறம்தான் கரும்பலகையில் எழுத வேண்டும். என்னிடம் பயிற்சி பெற்ற ரங்கசாமி கிருஷ்ணகிரியில் முதல் பாடம் நடத்த எழுந்தார். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த கேள்விகளில் முதலாவதை எடுத்து விட்டார். "ஈரத் துணியைக் கொடியில் போட்டால் என்ன ஆகும்?" முன் பெஞ்சுப் பையன் எழுந்து, "மழை உண்டாகும் விதம், சார்" என்று பாடத்தின் தலைப்பையே சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

வருஷா வருஷம் பயிற்சிக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் தேறிப்போன பள்ளிக்கூடம் அது. ரங்கசாமியின் கையில் இன்னும் ஒரு மூட்டைக் கேள்வி பாக்கி இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், தேவராஜனிடம் பயிற்சி பெற்ற சாரதா நடத்திய வகுப்பிலிருந்து கொல்லென்று சிரிப்புச் சத்தம். என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த ரங்கசாமிக்கு அதே பையன் எழுந்து வழி காட்டினான். "சார், இங்க நீங்க 'சபாஷ்'னு சொல்லணும். போன வருசம் வந்த சாரு இங்கதான் சொன்னாரு."

அழகான தமிழ்

ஓசூரில் வேறு தினுசுக் கஷ்டம். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, மற்றவர்களில் பலருக்குக் கன்னடம். ஜூஜுவாடிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டையும் சரளமாகப் பேசிவிட்டு, தமிழைப் பள்ளிக்கூடத்துக்கு என்று தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். பாடத்தில் வேற்று மொழி கலக்கவே கூடாது என்பது என் கண்டிப்பான உத்தரவு. ரங்கசாமி தஞ்சாவூர்க்காரர், பேச்சு தேனாக வழியும். பிள்ளைகள் கச்சேரி கேட்பதுபோல் தலையை ஆட்டி ரசித்தார்களே தவிர, கேள்விக்கு ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

தேவராஜன் ஓசூரை அடுத்த பாகலூர்க்காரர். என்ன காரியமாக எங்கள் வகுப்புக்கு வந்தாரோ, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று ரங்கசாமியின் கேள்வியைத் தெலுங்கில் சொன்னார், அதையே கன்னடத்திலும் சொன்னார். அவ்வளவுதான், வகுப்பு முழுக்கக் கைகள் எழுந்தன. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வெளியே வந்ததும், "கோவிச்சுக்காதீங்க சார், புள்ளைங்க முழிக்கறதப் பாத்து மனசு கேக்கல" என்றார். அவர் சண்டைக்கு வந்திருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நேரே ஹெட்மாஸ்டரிடம் போய், என் மாணவரின் பாடத்தில் இன்னொரு லெக்சரர் தலையிட்டது முறையா என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "உங்க ரங்கசாமி பாடம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க சார். எங்க புள்ளைங்களுக்கும் புரிஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

பிளாஸ்டர் மாம்பழம்

இனி சும்மா இருந்தால் இடம் கைவிட்டுப் போய்விடும் என்று, நானே ஒரு மாதிரிப் பாடம் நடத்துவதாகக் கிருஷ்ணகிரியில் அறிவித்தேன். பாடம் மாமரம். அது பழக் காலம் இல்லை என்பதால், எங்கள் டிராயிங் மாஸ்டரை நச்சரித்துப் பிளாஸ்டரில் ஒரு மாம்பழம் செய்து வாங்கி வந்திருந்தேன். இரண்டாகப் பிளந்தால் உள்ளே கொட்டைகூடத் தெரியும். மஞ்சளும் சிவப்புமாக வர்ணம். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். தேவராஜனிடம் இப்படி ஓர் உபகரணம் கிடையாது என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பாடம் சுமாராகப் போய்க்கொண்டிருந்தது. பழத்தைப் பிளந்து காட்டியபோது மாந்தோப்பு நிறைந்த வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பையன்கள் சிலர் முன்னால் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஏமாந்த முகத்தோடு திரும்பிப் போனார்கள். அந்தச் சமயம் ஜன்னலுக்கு வெளியே பேச்சுக் குரல். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பூத்துக் குலுங்கிய நிஜ மாமரத்தடிக்குச் சாரதாவையும் ஒரு வகுப்பையும் தேவராஜன் அழைத்துக்கொண்டு போயிருந்தார். பிள்ளைகள் பூங்கொத்தை வளைத்துப் பார்ப்பதும் எறும்பு கடித்து அலறுவதும் சிரிப்பதுமாக அங்கே ஒரே திருவிழா. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். பின்னால் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ரங்கசாமி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. அந்த மரத்தடிக்கு நானும் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமா?"

கதவு திறந்தால் பாடம்

கடைசியில் கிருஷ்ணகிரிக்குப் பல்கலைக்கழகத்தின் எக்ஸாமினர் வரும் நாள் வந்தது. அவர் எந்த வகுப்பிலும் முழுப் பாடத்துக்கு உட்கார மாட்டார். சட்டென்று நுழைவார், கொஞ்ச நேரம் பார்ப்பார், போய்விடுவார். அவர் வரும்போது பாடத்தின் சொத்தைப் பகுதி நடந்துகொண்டிருந்தால் தீர்ந்தது. இதற்கு நான் ஒரு யுக்தி கண்டுபிடித்தேன். "அவர் தலை தெரிந்ததும் எங்கே இருந்தாலும் விட்டுவிட்டு முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்துவிடுங்கள்" என்று ரங்கசாமிக்குச் சொல்லி வைத்தேன். பிள்ளைகளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதிருந்தது.

எக்ஸாமினர் நுழைந்தார். பாடத்தை முக்கால்வாசி முடித்திருந்த ரங்கசாமி, "ஈரத் துணியைக் கொடியில் போட்டால் என்ன ஆகும்?" என்றார். வகுப்பு, வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்பதுபோல் யோசித்தது. ஒரு பையன் மோவாயைத் தடவிக்கொண்டான். அப்புறம் படிப்படியாக, தடுமாறித் தடுமாறி, மிகச் சரியாக மழைக்கு வந்து சேர்ந்தார்கள். எக்ஸாமினர் திருப்தியோடு வெளியே போனார். நான் வராந்தாவில் நின்று பெருமூச்சு விடுவதற்குள், மூக்குக் கண்ணாடியை மேஜைமேல் விட்டுவிட்டேன் என்று அவர் திரும்பி உள்ளே போனார். "ஈரத் துணியைக் கொடியில் போட்டால் என்ன ஆகும்?" என்று ரங்கசாமியின் குரல் கணீரென்று கேட்டது. அந்தப் பையன் மறுபடியும் மோவாயைத் தடவினான்.

அடுத்தபடியாக எக்ஸாமினர் சாரதாவின் வகுப்புக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். அங்கே அவர் வந்ததைச் சாரதாவும் கவனிக்கவில்லை, பிள்ளைகளும் கவனிக்கவில்லை. ஏதோ ஒரு விதையை வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எக்ஸாமினர் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. என் கல்யாணப் பத்திரிகை கண்ணெதிரே காற்றில் பறந்தது. வெளியே வந்தவரிடம், ரங்கசாமி எப்படி என்று மென்று விழுங்கிக் கேட்டேன். "அவர் பரவாயில்லை சார். ஆனா அவர் வகுப்புல நடிச்ச பிள்ளைங்களுக்குத்தான் முதல் வகுப்பு குடுக்கணும்" என்றார்.

உத்தரவு

முகாம் முடிந்து திரும்பியதும் பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இல்லை என்ற பதிலுக்குத் தயாராகப் போனேன். பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது என்பதுதான் வழியெல்லாம் யோசனை. அவர் நிரந்தர வேலை உத்தரவை என் கையில் கொடுத்தபோது ஒரு நிமிஷம் உலகமே என் கட்சி என்று தோன்றியது. ஓசூர் ஹைஸ்கூலில் தேவராஜன் வாத்தியாராகச் சேர்ந்துவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. லெக்சரர் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குத் தானாகப் போகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வாய் கொள்ளாத சிரிப்போடு நான் நன்றி சொல்ல ஆரம்பிக்க, பிரின்ஸிபால் கையமர்த்திவிட்டு, "தேவராஜனுக்குத்தான் முதல்ல கொடுத்தோம். அவர் வேண்டாம்னுட்டார்" என்றார்.

ஜன்னலோரம்

கல்யாணம் நடந்தது. நடந்ததை வைத்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அடுத்த வருஷம் புதிய மாணவர்களை ஓசூருக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததே! நான் ஒரு காலி வகுப்பில் அவர்களை உட்காரவைத்து, பாடத்தின் பெயரை ஏன் ஆசிரியர் தன் வாயால் சொல்லக் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பில் சிரிப்புச் சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்தான். ஒருவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார், இன்னொருவர் போனார். கொஞ்ச நேரத்தில் பெஞ்சுகள் காலி, ஜன்னலோரம் கூட்டம்.

வேறு வழியில்லாமல் நானும் போய் எட்டிப் பார்த்தேன். தேவராஜன் மூன்று பாஷையிலும் மாறி மாறி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சார், நல்லாருக்கீங்களா? வூட்ல சௌக்கியமா?" என்று உண்மையான அன்போடு கேட்டார். அந்த அன்பு வேறு எனக்குத் தாங்கவில்லை. என் பக்கத்தில் நின்ற புது மாணவர் கண்ணை எடுக்காமல் உள்ளே பார்த்தபடி கேட்டார்: "சார், இவருக்கு டிரெய்னிங் கொடுத்த லெக்சரர் யாரு சார்? நாங்க அவர்கிட்ட சேர்ந்திருக்கலாமே!"

வேலை நிரந்தரமானபோது அதோடு சேர்த்து என் வயிற்றெரிச்சலையும் நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்பது அந்த ஜன்னலோரத்தில்தான் எனக்கு விளங்கியது.