நோன்புக் கஞ்சிக்கு உப்பு பார்த்தவள்

காயல்பட்டினத்து வீடுகளுக்கு இரண்டு வாசல் உண்டு. முன்வாசல் தெருவைப் பார்த்தது. ஆண்களும் தபால்காரரும் கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்களும் அதன் வழியாக வருவார்கள். பின்வாசல் முடுக்கைப் பார்த்தது. முடுக்கு என்பது இரண்டு வரிசை வீடுகளின் பின்பக்கத்துக்கு நடுவே ஓடுகிற சந்து. எதிரே ஒருத்தி குடத்தோடு வந்தால் நீங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஆண்கள் அதில் கால் வைக்க மாட்டார்கள். அதனால் பெண்கள் பர்தா இல்லாமல், அவிழ்ந்த கொண்டையும் மாவு ஒட்டிய கையுமாக வீட்டுக்கு வீடு போய் வருவார்கள். முடுக்கில் நிற்கிறவளை வீட்டுக்குள் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இந்தக் கதையில் நடந்த தப்பெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

சபீதாவின் வீடு முடுக்கின் நடுவில் இருந்தது. அவளுடைய பின்வாசலுக்கு நேர் எதிரே தங்கச்சி ஃபர்ஹத்தின் பின்வாசல். இந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். இரண்டு மகள்களும் ஒருவருக்கொருவர் உப்பு புளி கடன் கேட்கிற தூரத்தில் இருக்கட்டும் என்று உம்மா எதிரெதிரே கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

முப்பத்தோரு வயதில் சபீதாவின் விரல்கள் வீங்கின. தேங்காய் திருக முடியவில்லை, கன்னம் இரண்டும் சிவந்து தடித்தன, காலில் நீர் கோத்தது. ஊரில் யார் யாரோ கண்ணேறு என்றார்கள். அவளுடைய கணவன் அசன் மைதீன் துபாயிலிருந்து ஓடி வந்து, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். அவர் சோதனைகளைப் பார்த்துவிட்டு, இது லூபஸ், உன் உடம்பு உன்னோடேயே சண்டை போடுகிறது, அதை அடக்கி உட்கார வைக்க ஸ்டீராய்டு மாத்திரை வேண்டும் என்றார். கூடவே இரண்டு கட்டளை போட்டார். எந்தக் காரணத்துக்கும் மாத்திரையை ஒரு நாள்கூட நீயாக நிறுத்தக்கூடாது. சிறுநீரகத்தையும் நோய் தொட்டிருப்பதால் நோன்பு பிடிக்கக்கூடாது.

முதல் கட்டளையைச் சபீதா ஒன்பது வருடம் அப்படியே காப்பாற்றினாள். மாத்திரை விரல்களைத் திருப்பிக் கொடுத்தது. பதிலுக்குப் பசியைக் கொடுத்தது, சாதாரணப் பசி அல்ல, அடுத்த வீட்டு ஆப்பத்தின் வாசனைக்கே எழுந்து உட்காருகிற பசி. ஆறு மாதத்தில் முகம் பரோட்டாவுக்கு உருட்டி வைத்த மாவாகிவிட்டது. கல்யாண வீடுகளில் பெண்கள் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு, துபாய்ப் பணம் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை. நோயாளி என்று ஊர் இரங்குவதைவிடப் பணக்காரி என்று பொறாமைப்படுவது எவ்வளவோ மேல் என்று ஃபர்ஹத்திடம் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாவது கட்டளைதான் அவளை அறுத்தது. நோன்பு மாதத்தில் முடுக்கே வாய் வறண்டு கிடக்கும்போது, அவள் மட்டும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று களவாணி மாதிரி சோற்றை விழுங்க வேண்டும். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் அந்த மாதம் முழுக்க அவள் தலை நிமிர்ந்து நடந்ததில்லை.

கொரோனா வந்தபோது அசன் மைதீன் விடுமுறைக்கு வந்து ஊரில் மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டவன் வேலையையும் இழந்தான். சபீதாவுக்கு அதில் உள்ளுக்குள் சந்தோஷம்தான், கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இவ்வளவு நாள் அவனைச் சேர்ந்தாற்போலப் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா போனில் சொன்னதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு, கிருமி அண்டவிடாதீர்கள், மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து முன்வாசலில் ஒரு நாற்காலி, ஒரு வாளி, ஒரு சோப்பு. பால் பாக்கெட் மஞ்சள் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகும். பெருநாளுக்கு வந்த சொந்த அண்ணனையே வாசற்படியில் நிற்க வைத்துப் பேசி அனுப்பினான். காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கிக் கருவி ஒன்றை வாங்கி, காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் பெண்டாட்டியின் நெற்றியில் சுடுவான். எண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வான்.

இப்படி ஒரு வருடம் முன்வாசலைக் காத்தானே தவிர, பின்வாசல் அந்த ஒரு வருடமும் விரியத் திறந்துதான் கிடந்தது. யாரைக் குறை சொல்ல? அவனுக்கு அது வாசல் கணக்கிலேயே இல்லை, அவன் கால் பட்ட இடமில்லை அது. பெண்களுக்கோ அது வீட்டின் உள். பர்தா வேண்டாத இடத்தில் மாஸ்க் எதற்கு?

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் நோன்பு பாதி போன சமயம், நோய் ஏறிக்கொண்டிருந்ததால் பள்ளிவாசலைச் சாத்தினார்கள். பள்ளிவாசலில் கொதிக்கிற அண்டாக் கஞ்சியும் நின்றுபோனது. முடுக்கின் ஒன்பது வீட்டுப் பெண்களும் அவரவர் அடுப்பில் கஞ்சி காய்ச்சுவது என்று முடிவானது. ஆனால் உப்பு யார் பார்ப்பது? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று மார்க்கம் ஓதியவர்கள் சொல்வதுண்டு. ஆனாலும் தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்கிவிட்டால் நாள் முழுக்கப் பிடித்த நோன்பு என்னாவது என்று எல்லோருக்கும் பயம். முதல் நாள் ஃபர்ஹத்தான் அகப்பையோடு எதிர்வாசலுக்கு வந்தாள்.

"லாத்தா, நீதான் நோன்பு இல்லியே. செத்தப் பாத்துச் சொல்லேன்."

மறுநாள் எட்டு அகப்பை வந்தது. சபீதா பின்வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு மேல் ஒவ்வொருத்தியாக வந்து அவள் உள்ளங்கையில் நாலு சொட்டு விடுவாள். அவள் நக்கிப் பார்த்துவிட்டு, உனக்கு இன்னும் அரைக் கை போடணும், உனக்குச் சரி, உனக்கு வெந்தயம் கூடிப்போச்சு, எலுமிச்சை பிழி என்று தீர்ப்புச் சொல்வாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நோன்பு மாதத்தில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. வேலைகூட அல்ல, பதவி. நோன்பு பிடிக்காத நாக்கென்று அவள் கூசிய அதே நாக்கை நம்பி ஒன்பது வீடு நோன்பு திறந்தது. அந்த நாட்களில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

இருபத்தொன்றாம் நோன்பு அன்று முதல் அகப்பையை நக்கிப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, உப்பே போடலியா?" என்று கேட்டாள். அந்தப் பெண் ஓடிப்போய் ஒரு கை போட்டாள். அடுத்தவளிடமும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்தவளிடமும். இன்றைக்கு எல்லோருக்கும் நோன்பு மயக்கம் என்று கேலி வேறு. அவள் நாக்கைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், பிறகு கஞ்சி. ஒன்பது வீட்டிலும் ஒரே நேரத்தில் முகங்கள் கோணின. கடலோர ஊர்தான், அதற்காகக் கடலையே கிண்ணத்தில் ஊற்றுவார்களா? அசன் மைதீன் வாயில் வைத்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தண்ணீர்ச் செம்பைத் தேடினான். சபீதா மட்டும் முழுக் கிண்ணத்தையும் குடித்து முடித்திருந்தாள்.

முடுக்கில் பெண்கள் வெளியே வந்து சிரித்துத் தள்ளினார்கள். ஃபர்ஹத் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் காப்பித்தூள் டப்பாவை எடுத்து வந்து பின்வாசலில் நின்ற லாத்தாவின் கண்ணைப் பொத்தி, மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

"என்ன வாசம் அடிக்கி, சொல்லு."

"மொதல்ல என்னத்தையாவது காட்டு புள்ள," என்றாள் சபீதா.

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அசன் மைதீன் துப்பாக்கியோடு ஓடி வந்து நெற்றியில் சுட்டான். தொண்ணூற்றேழரை. காய்ச்சல் இல்லையே, பார் என்று எண்ணை அவளுக்கே திருப்பித் திருப்பிக் காட்டினான். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். அவர் முழுதும் கேட்கக்கூட இல்லை. அந்த மாத்திரை காய்ச்சலையும் சேர்த்து அமுக்கி வைத்துவிடும், கருவியை நம்பிக்கொண்டிருக்காதீர்கள், காலையில் முதல் வேலையாகத் திருநெல்வேலிக்குக் கூட்டி வாருங்கள், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

போனை வைத்தவன் அப்போதுதான் திரும்பி, விரியத் திறந்து கிடந்த பின்வாசலைப் பார்த்தான். அதில் எட்டு பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முன்வாசல்ல ஒரு ஈயை உள்ள விடலியே சபீதா," என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். "பின்வாசல நான் நெனச்சே பாக்கலியே."

அவள் பயந்துதான் போனாள். வளர்ந்து நிற்கிற ஒரே மகளின் கல்யாணத்தைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்று அந்த ராத்திரி அழுதாள். ஆனால் ஆஸ்பத்திரியில் கணக்கு வேறாக இருந்தது. நுரையீரலில் கால் பங்கு பிடித்திருந்தது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் எங்களால் ஒன்றும் உறுதி சொல்ல முடிந்திருக்காது என்றார்கள். காய்ச்சல் காட்டிக் கொடுக்காததை உப்பு காட்டிக் கொடுத்துவிட்டது.

மாத்திரையை ஊசியாக்கி, அளவைக் கூட்டினார்கள். அடுத்த கட்டிலில் பாளையங்கோட்டைக்காரி சொர்ணாம்பாளுக்கும் அதே மருந்துதான். ஸ்டீராய்டாமே, என்னென்னமோ செய்யுமாமே என்று அந்த அம்மா நடுங்கினார். ஒன்பது வருட அனுபவசாலி சபீதா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, "பசிக்கும்க்கா, நல்லாப் பசிக்கும். வீட்டுல சொல்லி ரெண்டு பங்கா கொடுத்து விடச் சொல்லுங்க," என்றாள். சொர்ணாம்பாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பெருநாள் அந்த வார்டிலேயே கழிந்தது. பன்னிரண்டாம் நாள் சபீதா வீட்டுக்கு வந்தாள். முடுக்கில் இன்னும் நாலு பேருக்கு வந்து லேசாகப் போயிருந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்று அல்லாஹ் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வந்து பார்த்தால் பின்வாசலில் புதுத் தாழ்ப்பாள். அசன் மைதீன் அடித்தது. இரண்டு விரல் கனம். சபீதாவின் முகம் முன்னைவிடப் பெருத்திருந்தது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. நாக்குதான் திரும்பவில்லை. மீனும் சோறும் ஒன்றுதான், தேநீரும் வெந்நீரும் ஒன்றுதான். அந்த நாக்கு போனால் முடுக்கில் தனக்கு என்ன இடம்? திரும்பவும் கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிடுகிறவள்தானே? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பெருநாளோடு பிறக்கிற மாதத்துக்குள் பெண்கள் ஆறு நோன்பு பிடிப்பது வழக்கம். மாதம் முடியப்போகிற நேரத்தில் முடுக்கில் அதை ஆரம்பித்தார்கள். ஃபர்ஹத் மட்டும் மாஸ்க் போட்டு, ஒரு கிண்ணத்தில் உப்பு பார்க்கக் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைப் படியில் வைத்துவிட்டுத் தன் வாசலுக்குப் போய் நின்றுகொள்ளலாம் என்று அசன் மைதீன் ஐந்து நிமிடத்துக்கு அனுமதி கொடுத்தான். தாழ்ப்பாளைத் திறப்பதும் கிண்ணத்தை எடுப்பதும் அவன்தான்.

முதல் நாள் சபீதா நக்கிப் பார்த்தாள். வெந்நீர். "சரியா இருக்கு," என்றாள். இரண்டாம் நாளும் அதுவே. மூன்றாம் நாள் ஃபர்ஹத் வேண்டுமென்றே இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தாள். "சரியா இருக்கு," என்றாள் சபீதா, தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல். ஃபர்ஹத் வீட்டுக்குள் போய் அழுதுவிட்டு வேறு கஞ்சி வைத்தாள். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அதே பொய்யை அதே மாதிரி வாங்கிக்கொண்டாள்.

ஆறாம் நாள் சபீதா உள்ளங்கையை நக்கினாள். இன்னொரு தடவை நக்கினாள். ஓரத்தில் வெந்தயக் கசப்பு. இஞ்சி. அதற்கப்பால் ஒன்றுமில்லை. உப்பில்லையா, நாக்கில்லையா? போன தடவை இதைச் சொல்லித்தான் ஒன்பது வீட்டைக் கெடுத்தாள். பொய்யே சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி வாய்வரை வந்தது.

"ஃபர்ஹத்," என்றாள் பைய. "உப்பே போடலியே புள்ள."

எதிர்வாசலில் ஃபர்ஹத் ஆடாமல் நின்றாள். அசன் மைதீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தான்.

"உப்பு இல்ல," என்றான். "சத்தியமா இல்ல."

"நாந்தான் போடல லாத்தா," என்று ஃபர்ஹத் படியில் உட்கார்ந்து மாஸ்க்குக்குள்ளேயே தேம்பினாள். "வேணும்னுதான் போடல."

அதுவரை சாத்தியிருந்த மற்றப் பின்வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லோரும் கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் போலிருக்கிறது. முடுக்கில் அகப்பைகள் நீண்டன. அசன் மைதீன் உள்ளே ஓடினான். திரும்பி வந்தபோது ஒரு கையில் முன்வாசல் நாற்காலி, மறு கையில் வாளியும் சோப்பும். நாற்காலியைப் பின்வாசலில் போட்டு முடுக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, மாஸ்க் போடாதவள் இந்தப் பக்கம் வரக்கூடாது, ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நடுவே ஒரு வாசல் விட்டு நில்லுங்கள் என்று சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

சபீதா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினாள்.

"ம், மொதல்ல யாரு?"