முன்னாடி வா, சீட் இருக்கு

எங்கள் பஸ் கண்டக்டர், படிக்கட்டில் தொங்குகிறவனை வார்த்தையாலேயே தோலுரித்துவிடுவார். ஆனால் பெண்களை உரசுகிறவனிடம் மட்டும் வாய் திறப்பதில்லை. ஒருமுறை அப்படி ஒருவனைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டார்; மறுநாள் அவன் அந்தப் பெண் இறங்கும் நிறுத்தத்திலேயே காத்து நின்றான். அதிலிருந்து, உரசலில் மாட்டிக்கொண்ட பெண்ணைத்தான் தெரிந்த பிள்ளையைப் போலக் கூப்பிடுவார்: "ஏம்மா, அப்பா சௌக்கியமா? முன்னாடி வா, சீட் இருக்கு."

இன்று துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணையும் அப்படித்தான் அழைத்து உட்காரவைத்தார். அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, நீங்க நல்லவர்தான். ஆனா தினமும் நான்தானே எந்திரிச்சு வர வேண்டியிருக்கு?"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் விட்டுவந்த ஜன்னலோர சீட்டில், பக்கத்தில் உட்கார்ந்து அவளை உரசிய தடியன் காலை அகட்டிப்போட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தான்.

"போலாமா?" என்று டிரைவர் கத்தினார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். ஊத மூச்சு வரவில்லை.