பாட்டுக்கு எழும்பி நின்றவள்

மொன்றியலில் ஆசிரியர் படிப்பித்துக்கொண்டிருக்கும்போதே மாணவர்கள் சாப்பிடுவார்கள். எனக்கு முன்வரிசையில் ஒருத்தி சூப் குடிப்பாள். ஆசிரியையும் அதைப் பார்த்துக்கொண்டே பாடத்தைத் தொடர்வார். பகலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை பார்த்துவிட்டு, பின்னேரம் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்தேன். ஊரில், இலங்கையில், போர்நிறுத்தம் இருந்த காலம். ஆபிரிக்க நாவல்களிலும் பாடல்களிலும் தேசப்பற்று எப்படிப் பேசப்படுகிறது என்பது பாடம். வகுப்பு நேரம் வசதியாக இருந்ததால்தான் எடுத்தேன், வேறு ஞானம் எதுவுமில்லை.

அன்று ஆசிரியை, கொங்கோவின் கிழக்கில் ஆயுதக்குழுவொன்று பாடிய பாட்டைப் போட்டார். முரசும் ஆண்களின் கூட்டுக்குரலும். முதல் அடியிலேயே நான் எழும்பி, தலை குனிந்து நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்படியான பாட்டுக்கு, செத்த போராளிகளை நினைத்து, எழும்பித்தான் பழக்கம். இருபது பேரில் நின்றது நான் மட்டும். பக்கத்தில் இருந்த க்ளெமான்ஸ் அந்தக் கிழக்குக் கொங்கோக்காரி, வகுப்பில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி. பையை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இதைப் பாடிக்கொண்டுதான் எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். அண்ணனைக் கொண்டுபோனார்கள். நீ எழும்பி மரியாதை செய்கிறாய்."

"செத்தவர்களுக்குத்தான் மரியாதை," என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன்.

"எந்தச் செத்தவர்களுக்கு?"



ஆசிரியை சொன்னபடி, அடுத்த கிழமை நானும் க்ளெமான்ஸும் சேர்ந்து அந்தப் பாட்டை இன்னொரு நாட்டுப் பாட்டோடு ஒப்பிட்டுப் பேச வேண்டும். எங்கள் விடுதலை இயக்கத்தின் பாட்டொன்றைக் கொண்டுபோகப் போகிறேன் என்றதும் கணவர் கொதித்தார். "உமக்கென்ன விசரே? தம்பியைக் குடுத்த ஆள் நீர். வெளியாக்களுக்கு முன்னாலை அந்தப் பாட்டைக் கூறுபோடப் போறீரோ?" அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதைப் பாடித் திரிந்துதான் தம்பி பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனான். அவனுடைய சவப்பெட்டி வந்தபோதும் அதையே போட்டார்கள். அழுதேன். பெருமையாகவும் இருந்தது.

ஆனால் இரண்டு பாட்டையும் மாறி மாறிக் கேட்கக் கேட்கப் பயம் பிடித்தது. இரண்டிலும் மண் தாயாகிறது. தாயைக் காக்காதவன் பிள்ளையே இல்லை என்றாகிறது. அப்படி ஆனவனை என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை. தம்பி செத்த அதே வருடம், எங்கள் ஊர் முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள் இயக்கத்தினர். சந்தியில் யாரோ ஒரு போராளியின் இறுதி ஊர்வலத்துக்கு அந்தப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. என்னோடு படித்த ரஹீமா ஒரு பையோடு நடந்து வந்தாள். நான் அந்தப் பாட்டுக்காகத் தலை குனிந்து நின்றேன். நிமிர்ந்தபோது அவள் போய்விட்டாள். குனிந்து நின்றது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. இதை வாசிக்கும் ஊரவர்களுக்கு என்மேல் கோபம் வரலாம். வரட்டும்.

வீட்டில் கதைபேச்சு நின்றுபோனது. ஆனாலும் பாட்டைக் கொண்டுபோனேன், ரஹீமா போனதை வகுப்பில் சொன்னேன். க்ளெமான்ஸ் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உன் தம்பி நன்றாகப் பாடுவானா?"

"பாடுவான்," என்றேன். "பள்ளிக்கூடத்திலேயே அவனுக்குத்தான் நல்ல குரல்."

அந்தப் பாட்டைப் பாடித் திரிந்த குரலை நல்லதென்று சொன்னதற்கு ரஹீமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால், தம்பியிடம் கேட்டிருக்க வேண்டும்.