பூசைக்கு முன் விழுங்கிய நரம்பு

சைகோனில் நாலு வருஷம் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியபோது என் கையில் ஒரு கிதார் இருந்தது. பின்னாலேயே ஒரு சந்தேகமும் வந்து சேர்ந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சைகோனிலிருந்து கல்யாணமாகாமல் புதுச்சேரிக்குத் திரும்புகிற எவனைப் பார்த்தாலும், அங்கே ஒரு குடும்பம் வைத்திருப்பான் என்றுதான் ஊர் பேசும். சிலர் வைத்திருந்ததும் நிஜம். அவர்கள் புண்ணியத்தில் என்னைப் போன்ற அப்பாவிகளும் மாட்டிக்கொண்டோம்.

முத்தியால்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா சரி என்றுவிட்டார், அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. "கிறிஸ்மஸ் பூசையில புள்ள நன்மை வாங்குதான்னு பாப்போம். அப்பறம் ஓல வாசிக்கலாம்" என்று என் அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். நன்மை என்றால் பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம், ஓலை என்றால் கோயிலில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு. நரகத்துக்கு இழுக்கிற சாவான பாவத்தை வைத்துக்கொண்டு திருநாளன்று நன்மை வாங்க எவனுக்கும் துணிவு வராது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான், எனக்கும் அதில் பயமில்லை.

அந்த வருஷம் மழை மார்கழியிலும் விடவில்லை. கோயில் ஆர்மோனியம் ஈரத்தில் ஊறிப்போய், ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்தில் இரண்டு சேர்ந்து இறங்கியது. பங்குச் சாமியார் வேறு வழியில்லாமல், பகல் பூசையில் காணிக்கை நேரத்துக்கு மட்டும் கிதார் வாசிக்க எனக்கு உத்தரவு கொடுத்தார். பாடகர் குழுவில் மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை. "துறைமுகத்துல சாராயக்கடையில வாசிக்கறத பீடத்துக்கு எதிர்ல வாசிக்கப் போறாரு" என்று என் காதுபடவே சொன்னார். நான் வாசிக்க இருந்ததோ, விரல் நுனியால் மெதுவாக மீட்டுகிற ஒரு பழைய ஸ்பானிய உருப்படி. அதைக் கேட்டுச் சாராயம் குடிக்கப் போனால் குடிக்கிறவன் தூங்கிவிடுவான்.

கிறிஸ்மஸ் காலையில் பாடகர் மாடத்தில் உட்கார்ந்து சுருதி சேர்த்தேன். மேல் நரம்பு பட்டென்று அறுந்தது. அந்தக் காலத்தில் அது ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்பு, ஈரத்துக்கு ஆகாது. பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினேன். முனை நீளமாகத் துருத்திக்கொண்டு நின்றது. கத்தரி இல்லை. பூசை மணி அடித்துவிட்டது. அவசரத்தில் பல்லால் கடித்து அறுத்தேன். அதே நேரம் பக்கத்திலிருந்தவர் எழுந்து நிற்கச் சொல்லி முதுகில் தட்டினார். துண்டு தொண்டைக்குள் போய்விட்டது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன ஆபத்து என்று புரியாது. அப்போதெல்லாம் நன்மை வாங்குகிறவனுக்கு நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. நான் விழுங்கியதோ ஆட்டுக்குடல். சந்தேகத்தோடு நன்மை வாங்கினால் பாவம். வாங்காவிட்டால் சைகோனில் எனக்கு மூன்று பிள்ளைகள் என்று சாயங்காலத்துக்குள் ஊர் பெயர் வைத்துவிடும். கீழே பெண்கள் பக்கம் முன்வரிசையில் பெண்ணின் அம்மா முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த நாளில் பூசை நடக்கும்போதே ஒரு சாமியார் ஓரத்து மரக்கூண்டில் உட்கார்ந்து, வருகிறவர்கள் தங்கள் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்கு வயதான ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார் கூண்டில் இருந்தார். பிரசங்கம் தொடங்கியதும் நான் படியிறங்கி, கோயில் மொத்தமும் பார்க்க, போய் முழங்கால் போட்டேன். அந்த அம்மாவின் தலை என் பக்கம் திரும்பியதை முதுகாலேயே பார்த்தேன்.

"சாமி, கிதார் நரம்பு ஒரு துண்டு முழுங்கிட்டேன். ஆட்டுக்குடல் சாமி. நன்மை வாங்கலாமா?"

சாமியார் புத்தகத் தமிழில் கேட்டார். "பசியினாலே விழுங்கினாயோ?"

"இல்ல சாமி. பல்லால அறுத்தேன். உள்ள போயிடுச்சி."

"ருசியாயிருந்ததோ?"

"தூசி நாத்தம் அடிச்சுது சாமி."

அவ்வளவுதான். அந்தக் கிழவர் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மரக்கூண்டு அதிர, பிரசங்கத்தில் இருந்த பங்குச் சாமியார் பேச்சை நிறுத்துமளவுக்குச் சிரித்தார். "அது ஆகாரம் அல்ல, மகனே. போய் வாசி. பயமில்லாமல் நன்மை வாங்கு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

மாடப்படியில் ஏறும்போது கால் தரையில் பாவவில்லை. மூத்தவர் பேச்சைக் கேட்டதிலிருந்து வாசிக்கப் பயந்திருந்தேன் என்பதே மறந்துபோயிற்று. புது நரம்பு இரண்டு முறை சுருதி இறங்கியது. முளையைத் திருகிவிட்டு நிதானமாக வாசித்தேன். அப்படி ஒரு நிம்மதியோடு அதற்கு முன் நான் வாசித்ததில்லை. முடிந்ததும் மூத்தவர் தன் பாட்டுப் புத்தகத்தை நகர்த்தி எனக்குப் பக்கத்தில் இடம் விட்டார். நன்மை வாங்கத் தைரியமாக இறங்கிப் போனேன்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது என் அம்மாவின் முகம் வெளிறியிருந்தது. நடு பூசையில் பிள்ளை எதற்குக் கூண்டுக்கு ஓடினான் என்று கேட்கப் போகிறார்களே என்ற பயம் அவருக்கு. அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சாமியார்கிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லாதீங்க, அது தப்பு" என்றார். பிறகு என் அம்மாவிடம் திரும்பினார். "எனக்கு ஒண்ணுதான் தெரியும் சம்பந்தியம்மா. பொண்டாட்டி புள்ளய வுட்டுட்டு வந்தவன் பாவத்துக்கு எந்தச் சாமியாரும் அப்படிச் சிரிக்கமாட்டாரு."