பத்து முழ வேட்டி

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு பத்து முழ வேட்டி இருக்கிறது. ஜரிகைக் கரை இன்னும் மங்கவில்லை. நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. அக்கா வரும்போதெல்லாம், அதை யாருக்காவது கொடுத்துத் தொலைடா என்கிறாள். கொடுக்க மாட்டேன்.

அக்காவின் தலைதீபாவளிக்கு அப்பா எடுத்தது அது. அக்கா புருஷன் ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஆலை ஒன்றில் வேலை பார்ப்பவர். ஆறடிக்கு மேலே நாலு விரல். ஆண்டிமடத்தில் எங்கள் வீட்டுக்குள் குனியாமல் அவரால் நுழைய முடியாது. அப்பா குள்ளம், நானும் அவர் வாகுதான். இவ்வளவு உயரமான மாப்பிள்ளைக்குச் சாதாரண வேட்டி போதாது என்று, அப்பா பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப் போய், கடையில் இருந்ததிலேயே நீளமானதைக் கேட்டு வாங்கி வந்தார். வேட்டியின் நீளம் இடுப்பைச் சுற்றத்தான் போகும், காலை மூடுவது பன்னா, அதாவது துணியின் அகலம் என்பது அந்தச் சந்தோஷத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

மச்சான் அதைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். இடுப்பில் தலையணையைக் கட்டியதுபோல் துணி உப்பியிருந்தது. கீழே பாதிக் கெண்டைக்கால் வெளியே. "எம் பொண்டாட்டியையும் உள்ள வச்சு சுத்திக்கலாம் போலிருக்கு மாமா. கால மூடத்தான் துணியில்ல. ஆளப் பாத்து எடுத்தீங்களா, போட்டோவப் பாத்து எடுத்தீங்களா?" என்றார். கூடமே சிரித்தது. அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மச்சான் வேட்டியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டுப் பேண்டை மாட்டிக்கொண்டார். முந்திரிக்காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன அப்பா, பந்தி முடிந்தும் வரவில்லை.

அதற்கப்புறம் அக்கா வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. கடையில் எனக்குச் சட்டை எடுக்கும்போதுகூட ஒதுங்கி நின்று, "நீயே பாத்துக்கடா, எனக்கு அளவு தெரியாது" என்பார். அந்த ஒரு பேச்சுதான் என்னைக் குடைந்தது. அப்போது நான் பெரம்பலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பரிசு கொடுத்தே மச்சானைப் பழிவாங்குவது என்று தீர்மானித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கட்டிலுக்கு வெளியே கால் தொங்க மச்சான் உறங்குகையில், சாணால் அளந்து வைத்துக்கொண்டேன். பாதம்வரை எட்டும் போர்வை, முதுகு நனையாத பெரிய குடை, உள்ளூர்க் கடைகளில் கிடைக்காத பன்னிரண்டாம் நம்பர் செருப்பு என்று பண்டிகைக்கு ஒன்றாகப் போனது. நாலு பேர் கூடியிருக்கும்போது பார்த்துத்தான் நீட்டுவேன். "அப்பா பாத்துப் பாத்து எடுத்தாரு மச்சான். சரியா இருக்கா?" அப்பாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பொருளில் குறை சொல்ல இடமே இருக்காது. "சரியாத்தான் இருக்கு" என்று அவர் சொல்லியே ஆகவேண்டும். அந்த இரண்டு சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்குவதில் எனக்கிருந்த ருசி, எந்தப் பண்டிகைப் பலகாரத்திலும் இருந்ததில்லை.

அக்கா மகனின் காதுகுத்து திருமழபாடிக் கோயிலில் நடந்தது. பேரனுக்காக அப்பாவும் வந்தார். தாய்மாமன் சீரில், பன்னா கூட்டித் தறியில் சொல்லி நெய்த வேட்டி ஒன்றை மச்சானுக்கென்று வைத்திருந்தேன். அப்பாவைப் பாயில் உட்காரவைத்துத் தட்டை அவர் கையில் கொடுத்தேன். மச்சான் நின்றபடியே கை நீட்டினார்.

"குனிஞ்சு வாங்குங்க மச்சான். மாமனார் கொடுக்குறாரு" என்றேன்.

முதுகை வளைத்துப் பார்த்தார், எட்டவில்லை. கடைசியில் முழங்கால் போட்டு வாங்கினார். கட்டிக்கொண்டு வந்தபோது வேட்டி கணுக்காலைத் தொட்டது. "கால மூடுதா மச்சான்?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டேன். தலைதீபாவளிக்கு வந்திருந்த எல்லாருக்கும் நினைவு வந்துவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மூடுது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அப்போதுதான் நான் கட்டியிருந்தது அவர் கண்ணில் பட்டது. அப்பா மடித்துப் பூட்டி வைத்திருந்த அதே பத்து முழம். எனக்குப் பன்னா அளவெடுத்ததுபோல் இருந்தது. அந்த மடியில்தான் அவர் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தினார்கள். பயல் அலறி, மஞ்சள் பூசிய கையால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அன்று பந்தியில் அப்பா சம்பந்தி வீட்டார் நடுவில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பும்போது பஸ்ஸில், "இதோட வுட்டுருடா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்காவுக்கு இப்போது ஏழாம் மாதம். அடுத்த காதுகுத்துக்கும் மடி என்னுடையதுதான். வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறேன். கறையை மட்டும் போக்கவில்லை.