கம்பியிலேயே நின்றுவிட்ட கை

ஒரு விபத்தில் என் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இப்போது இருப்பது செயற்கைக் கை. விரல்களை மடக்கிவிட்டால் இரும்புப் பிடிதான். ஆனால் சென்னை வெயிலில் உள்ளே வியர்த்தால் வழுக்கிக் கழன்றுகொள்ளப் பார்க்கும். தினமும் அதோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போகிறது.

போன கோடையில் திருவான்மியூரில் தி.நகர் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. படிக்கட்டை ஒட்டி நின்று, செயற்கைக் கையைக் கம்பியில் மாட்டிவிட்டு, அக்காவிடமிருந்து வந்த போனை நல்ல கையால் எடுத்தேன்.

"புதுக் கை எப்படிடா இருக்கு?"

"பிரமாதம்க்கா. பிடிச்சா விடவே மாட்டேங்குது."

அடையாறு சிக்னலில் டிரைவர் பிரேக் போட்டார். நான் சொன்னபடியே கை கம்பியை விடவில்லை. அதிலிருந்து நான்தான் கழன்றுகொண்டேன். திறந்திருந்த கதவு வழியாகச் சரிந்தவனின் காலரைக் கண்டக்டர் எட்டிப் பிடித்தார். இடது பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ என் தலையை உரசாத குறையாகப் போனது.

கம்பியில் தனியாக ஆடிய கையைப் பார்த்து ஒரு பெண் அலறினாள். காலரை விடாமலே கண்டக்டர் கேட்டார்:

"இன்னா சார், கைய இங்கியே வுட்டுட்டு நீ எங்க கெளம்பிட்ட?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே கம்பியிலிருந்த கையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் கம்பியைப் பிடிப்பது சொந்தக் கைதான். போன் அடித்தால் இறங்கிய பிறகே எடுக்கிறேன். செயற்கைக் கைக்குச் சாப்பாட்டுப் பையைக் கொடுத்திருக்கிறேன். கழன்று விழுந்தாலும் போவது தயிர்சாதம்தானே.